யாரிடம் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்?

1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் மேடையேறிச் சுருதி சேர்த்து முடித்தவுடன் கூட்டம் பலமாகக் கைதட்டியது. ஓர் உருப்படி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொன்ன குறும்பான பதில் இசைத்தட்டில் அப்படியே இருக்கிறது. கிழக்கு வங்கத்தை முந்தைய ஆண்டு புயல் அடித்துப்போட, அடுத்து வந்த போர் சுமார் ஒரு கோடிப் பேரை இந்தியாவுக்குள் அகதிகளாகத் துரத்திய காலம் அது. ரவிசங்கர் தன் நண்பரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்தவருமான ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஹாரிசன் சில வாரங்களுக்குள் பாப் டிலன், எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார் என்று பெரிய தலைகளை ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். பகலில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு காட்சிகள். சுமார் 40,000 பேர் பார்த்தார்கள். வெளிநாட்டில் நடக்கும் துயரத்துக்காக நட்சத்திரங்கள் கூடிப் பாடும் வழக்கம் இந்த அளவில் தொடங்கியது அன்றுதான்.

நுழைவுச்சீட்டு வசூல் சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப்பிடம் போய்ச் சேர்ந்தது. இசைத்தட்டில் வந்த பெரும் பணத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நிகழ்ச்சிக்கு முன்பே அறக்கொடைக்கான ஏற்பாடுகளை முறைப்படி செய்துவைக்காததால் அமெரிக்க வருமான வரித்துறை குறுக்கே வந்தது. பெருந்தொகை கிட்டத்தட்டப் பத்தாண்டு முடங்கிக் கிடந்தது. அதற்குள் வங்கதேசம் பிறந்து, அகதிகள் ஊர் திரும்பி, அதன் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமான் கொல்லப்பட்டும் ஆயிற்று. ஆனால் பணக்கணக்கைவிட முக்கியமான ஒன்று அந்த மேடையில் நடந்தது. அமெரிக்க அதிபர் நிக்சன் பாகிஸ்தானின் யாஹியா கானுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய நாட்டிலேயே ஒரு நிகழ்ச்சிக்கு வங்கதேசத்தின் பெயரை வைத்தார்கள். எந்த நாடும் அப்போது அங்கீகரித்திராத பெயர் அது. நிக்சன் இதனால் மாறிவிடவில்லை. டிசம்பரில் வங்காள விரிகுடாவுக்குப் போர்க்கப்பலையே அனுப்பினார். என்றாலும் பாகிஸ்தானின் உள்விவகாரம் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்று அமெரிக்க இளைஞர்களின் வாயில் ஒரு நாட்டின் பெயராகப் புழங்கத் தொடங்கியது.

நடிகர்களும் பாடகர்களும் ஏழை நாடுகளுக்காகக் குரல் கொடுப்பதைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுதான் உண்டு. ஒன்று, எவ்வளவு நல்ல மனம் என்று உருகுவது. மற்றது, எல்லாம் விளம்பரம் என்று உதறுவது. இரண்டுமே அவர்களுடைய உள்ளத்தை ஆராயப் பார்க்கின்றன. அது நமக்குத் தெரியப்போவதில்லை, தெரிந்தும் பயனில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர்கள் யாரிடம் கேட்கிறார்கள், என்ன கேட்கிறார்கள்? ஒரு நட்சத்திரம் தன் கையிலிருந்து கொடுக்கும் பணம் பெரும்பாலும் சிறியது. ரசிகர்களிடமிருந்து திரட்டுவது அதைவிடப் பெரியது. இந்த இரண்டையும்விடப் பெரியது, சாதாரண மனிதர் நுழைய முடியாத அறைக்குள் நுழைந்து ஆட்சியில் இருப்பவர் காதில் ஒரு விஷயத்தைப் போடும் வசதி. பசித்த குழந்தையின் படத்தைக் காட்டி நம் பையிலிருக்கும் சில்லறையைக் கேட்கும்போது அந்த வசதி வீணாகிறது, சிலசமயம் கெடுதலும் செய்கிறது. ஏற்கெனவே களத்தில் போராடிக்கொண்டிருக்கும் ஓர் இயக்கத்தின் திட்டவட்டமான கோரிக்கையோடு தன் சொந்த அரசின் கதவைத் தட்டும்போதுதான் காரியம் நடக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளின் கதையை இப்படிப் படித்தால் பல முடிச்சுகள் அவிழ்கின்றன.

தொடக்கத்தில் இந்த வேலை எளிமையாகத்தான் இருந்தது. 1954இல் நகைச்சுவை நடிகர் டேனி கே யுனிசெஃப்பின் முதல் தூதராகி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் குழந்தைகளைச் சிரிக்கவைத்துப் படம் எடுத்தார். பிறகு ஆட்ரி ஹெப்பர்ன் வந்தார்; இரண்டாம் உலகப்போரின் இறுதிக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் தானே பட்டினி கிடந்த சிறுமி என்பதால் அவர் பேச்சில் போலித்தனம் இருக்கவில்லை. 1992இல் சோமாலியா போய்த் திரும்பியவர் சில மாதங்களில் புற்றுநோயில் இறந்தார். இவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் தொடங்கியது எத்தியோப்பியாவில்.

1984 அக்டோபர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் மைக்கேல் பர்க்கின் செய்தியும் முகமது அமீனின் படப்பிடிப்பும் எத்தியோப்பியாவின் கோரெம் முகாமை உலகுக்குக் காட்டின. விடியற்காலைக் குளிரில் தரையோடு தரையாகக் கிடந்த ஆயிரக்கணக்கான மனிதர்களைப் பார்த்த அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப் சும்மா இருக்கவில்லை. ஒரு மாதத்தில், நவம்பர் 25 அன்று, பிரிட்டனின் முன்னணிப் பாடகர்கள் லண்டனில் கூடி ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்?’ பாட்டைப் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் ஹாரி பெலஃபோன்டே போட்ட விதை, மைக்கேல் ஜாக்சனும் லயனல் ரிச்சியும் எழுதிய ‘வீ ஆர் தி வேர்ல்ட்’ பாட்டாக முளைத்தது. 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியை உலகமே உட்கார்ந்து பார்த்தது. கிறிஸ்துமஸ் வந்தது தெரியுமா என்று கேட்கப்பட்ட நாடு எது? நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற நாடு. அதற்குச் சொந்தக் கிறிஸ்துமஸ் நாளே உண்டு, ஜனவரி 7. மழையும் ஆறும் அற்ற இடம் என்ற தொனியில் பாட்டு போகிறது. நீல நைல் புறப்படுவதே அந்த நாட்டின் தானா ஏரியிலிருந்துதான். இதைப் பாட்டெழுதும் அவசரத்தில் நேர்ந்த பிழை என்று விட்டுவிடலாம். விட முடியாத பிழை இன்னொன்று.

பஞ்சத்துக்கு வறட்சி காரணம் என்று உலகம் நம்பியது. வறட்சி இருந்தது உண்மை. ஆனால் பஞ்சம் கொடுமையாக அடித்த திக்ரேயும் வோலோவும் மெங்கிஸ்து ஹைலே மரியமின் ராணுவ அரசு கிளர்ச்சிக்காரர்களோடு போரிட்டுக்கொண்டிருந்த பகுதிகள். சந்தைகள்மீது குண்டு விழுந்தது. தானியம் ஊர்விட்டு ஊர் போவது தடுக்கப்பட்டது. கூலி தேடி வெளியே போகவும் உழவர்களால் முடியவில்லை. அலெக்ஸ் டி வால் போன்ற ஆய்வாளர்கள் இதைப் பின்னால் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். உணவு இல்லாததால் மட்டும் பஞ்சம் வருவதில்லை, அதை வாங்கும் வழி மனிதர்களிடமிருந்து பறிபோகும்போதும் வருகிறது என்று அமார்த்தியா சென் 1981இலேயே புத்தகம் எழுதிவிட்டார். அவர் எடுத்துக்காட்டியவற்றில் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தோடு, 1973இல் அதே வோலோவில் வந்த பஞ்சமும் ஒன்று. 1984–86 காலத்தில் மெங்கிஸ்துவின் அரசு வடக்கிலிருந்து சுமார் 6 லட்சம் பேரைத் தென்மேற்குக்குக் குடிபெயர்த்தது. பலரைக் கட்டாயமாக ஏற்றிச் சென்றார்கள். வழியிலும் போன இடத்திலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். நிவாரண உணவே ஆட்களைப் பிடிக்கும் தூண்டிலாகிறது என்று வெளிப்படையாகச் சொன்ன பிரெஞ்சு மருத்துவ அமைப்பான எம்.எஸ்.எஃப். 1985 டிசம்பரில் நாட்டைவிட்டே வெளியேற்றப்பட்டது. மேடையில் பாடியவர்கள் பக்கமிருந்து இதைப் பற்றிப் பெரிய குரல் எழவில்லை. பட்டினி கிடப்பவனிடம் போய்ச்சேர யாரோடு வேண்டுமானாலும் கைகுலுக்குவேன் என்பதுதான் கெல்டாஃப் எடுத்த நிலை.

இங்கே நியாயமான எதிர்க்கேள்வி எழும். செத்துக்கொண்டிருப்பவர் முன்னால் அரசியல் பாடம் நடத்தவா முடியும்? அந்தப் பணம் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியதே? காப்பாற்றியது. கெல்டாஃப் தொடங்கிய பேண்ட் எய்ட் அறக்கட்டளை லாரிகளும் கப்பல்களும் ஏற்பாடு செய்து உணவு அனுப்பியது. இன்றுவரை நிதி வழங்குகிறது. உதவிப் பணம் ஆயுதத்துக்குப் போனது என்று பிபிசி 2010இல் ஒலிபரப்பிய செய்தியில் பேண்ட் எய்ட் பெயர் இழுபட்டதற்கு அதே ஆண்டில் பிபிசி மன்னிப்புக் கேட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறை பணத்தில் இல்லை, பணத்தோடு ஒட்டிவந்த கதையில் இருக்கிறது. போரை இயற்கைச் சீற்றமாகச் சொன்னால் பணம் எளிதாக வரும். கொடுப்பவருக்கு மனக்குழப்பம் இராது. ஆனால் பஞ்சத்தை நடத்திக்கொண்டிருந்த அரசும் அந்தக் கதைக்குள் பத்திரமாக ஒளிந்துகொண்டது. வீட்டில் உட்கார்ந்து நன்கொடை அனுப்பிய எந்தப் பிரிட்டன்காரரையும் தன் நாடாளுமன்ற உறுப்பினரிடம், எத்தியோப்பிய அரசுக்கு நாம் என்ன அழுத்தம் கொடுக்கிறோம் என்று கேட்கும்படி அந்த மேடை தூண்டவில்லை.

அந்தக் கதை மனதில் எவ்வளவு ஆழமாகத் தங்கியது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வி.எஸ்.ஓ. என்ற பிரிட்டன் தன்னார்வ அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வில், வளரும் நாடுகள் என்றாலே பஞ்சம், பேரழிவு, மேலைநாட்டு உதவி என்ற படங்கள்தான் பிரிட்டன் மக்களில் 80 சதவீதம் பேருக்கு நினைவுக்கு வந்தன. பாட்டு வந்து பதினேழு ஆண்டு கழித்தும் இதே நிலை. அதே பாட்டை எபோலாவுக்காக 2014இல் மறுபடி பதிவு செய்தபோது கானா வம்சாவளி பிரிட்டன் ராப் பாடகர் ஃபியூஸ் ஓடிஜி வரமாட்டேன் என்று விலகினார். ஆப்பிரிக்காவை நோயும் சாவுமாக மட்டும் காட்டுவது அந்தக் கண்டத்தின் சுற்றுலாவையும் முதலீட்டையும் தன்மானத்தையும் தின்கிறது என்பது அவர் வாதம். 2024இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது எட் ஷீரன், தன் பழைய குரலைச் சேர்க்கத் தன்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்றார். இவரே 2017இல் லைபீரியாவில் தெருச் சிறுவர்களோடு எடுத்த நிதி திரட்டும் படத்துக்காக, நார்வே மாணவர் அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் வழங்கிவந்த ‘துருப்பிடித்த ரேடியேட்டர்’ என்ற கேலி விருதை வாங்கிக்கட்டிக்கொண்டவர். படம் எடுத்த காமிக் ரிலீஃப் நிறுவனம் 2020இல், நட்சத்திரங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படம் எடுப்பதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. முப்பத்தாறு ஆண்டு ஆயிற்று அந்த ஞானம் வர.

இதற்கு நேர்மாறான ஒரு வழியும் இருந்தது. 1990களில் பல ஏழை நாடுகள் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவழிப்பதைவிடக் கூடுதலாகப் பழைய கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தன. ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை கடன்களைத் தள்ளிவிட வேண்டும் என்ற விவிலிய வழக்கத்தின் பெயரால், ‘ஜூபிலி 2000’ என்ற இயக்கத்தைத் தேவாலயங்களும் தொழிற்சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து கட்டின. 1998 மே மாதம் பர்மிங்ஹாமில் ஜி8 தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். அயர்லாந்தின் யூ2 குழுவின் பாடகர் போனோ சேர்ந்தது இப்படி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஓர் இயக்கத்தில். ஹார்வர்டில் பொருளியலாளர் ஜெஃப்ரி சாக்ஸிடம் உட்கார்ந்து கடன் கணக்குகளைப் படித்துக்கொண்டு வாஷிங்டனில் ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார். அப்படி ஏறிய ஓர் அலுவலகம் வடக்கு கரோலினா செனட்டர் ஜெஸி ஹெல்ம்ஸுடையது. வெளிநாட்டு உதவி என்பது எலிவளையில் கொட்டும் பணம் என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்த கடும் பழமைவாதி அவர். எய்ட்ஸ் நோயாளிகளைப் பற்றி அவர் பேசியதெல்லாம் கேட்கத் தகாதவை. கண்ணாடியும் தோல் உடுப்புமாக உள்ளே போன ராக் பாடகர் அவரிடம் புள்ளிவிவரம் பேசவில்லை. விவிலியத்தை எடுத்துக் கடன் மன்னிப்பையும் தொழுநோயாளிகளையும் பற்றிப் பேசினார். கிழவர் கண்கலங்கினார் என்பது போனோ சொல்லும் கதை. கண்கலங்கியது மெய்யோ மிகையோ, 2002இல் ஹெல்ம்ஸ் ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு அமெரிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே சொன்னார். அது பொதுப் பதிவில் இருக்கிறது.

இதன் தொடர்ச்சியில்தான் 2003 ஜனவரியில் அதிபர் புஷ், ஐந்து ஆண்டில் 1,500 கோடி டாலர் என்று பெப்ஃபார் எனும் எய்ட்ஸ் திட்டத்தை அறிவித்தார். ஆப்பிரிக்காவில் மருந்து தேவைப்பட்ட 40 லட்சம் பேரில் 50,000 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று அவரே அந்த உரையில் சொன்னார். இன்றைக்கு இத்திட்டம் இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்திருப்பதாக அமெரிக்க அரசின் மதிப்பீடு சொல்கிறது. எந்தக் கச்சேரியும் எட்ட முடியாத எண் இது. ஆனால் இதைப் போனோவின் சாதனை என்று எழுதினால் வரலாறு கோணிப்போகும். தென்னாப்பிரிக்காவில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை நான் விழுங்கமாட்டேன் என்று எச்ஐவி தொற்றோடு பிடிவாதமாக இருந்தவர் ஜாக்கி அக்மட். ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்ற மருந்துக் கலவையை 2001இல் 350 டாலருக்குத் தரத் தயார் என்று அறிவித்து உலகச் சந்தையையே அதிரவைத்தவர் மும்பையின் சிப்லா நிறுவனத் தலைவர் யூசுஃப் ஹமீது. மருந்து விலை விழாமல் இருந்திருந்தால் எந்த செனட்டர் அழுதும் பயனில்லை. போனோ செய்தது, வெளியே தயாராக நின்ற ஒரு கோரிக்கையை உள்ளே இருந்தவர்கள் மறுக்க முடியாத மொழியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒரு பிரபலம் செய்யத்தக்க மிகப் பெரிய வேலையும் அதுதான் என்பது என் எண்ணம்.

கண்ணிவெடி விஷயத்திலும் இதே வரிசையைப் பார்க்கலாம். ஆறு அமைப்புகள் சேர்ந்து 1992இல் தொடங்கிய கண்ணிவெடித் தடை இயக்கம் ஐந்து ஆண்டு உழைத்துப் பல நாடுகளை ஒப்பந்தத்தின் அருகில் கொண்டுவந்திருந்தது. பெரிய அரசுகள் பிடிகொடுக்காமல் நழுவின. 1997 ஜனவரியில் இளவரசி டயானா அங்கோலாவின் ஹுவாம்போ நகரில், நெஞ்சுக் கவசமும் முகக் கவசமும் அணிந்து, இருபுறமும் அபாயக் குறிகள் நட்ட ஒடுங்கிய தடத்தில் நடந்தார். படக்காரர்களுக்காக இன்னொரு முறையும் நடந்தார். நாடகம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த நாடகம் பார்வையாளரிடம் நன்கொடை கேட்கவில்லை. ஓர் ஆயுதத்தைத் தடைசெய் என்று அரசுகளிடம் கேட்டது. அதனால்தான் பிரிட்டன் பாதுகாப்புத் துறையின் இளநிலை அமைச்சர் ஒருவருக்குக் கோபம் வந்தது, கட்டுப்பாடற்ற பேர்வழி என்கிற பொருளில் டயானாவைச் சாடினார். அரசு எரிச்சல்படுகிறதா என்பது இவ்விஷயத்தில் நல்ல அளவுகோல். அந்த ஆண்டு ஆகஸ்டில் டயானா இறந்தார்; டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன; இயக்கத்துக்கும் அதை ஒருங்கிணைத்த ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. இலங்கை இதில் சேர இன்னும் இருபது ஆண்டு ஆனது, 2017 டிசம்பரில்தான் சேர்ந்தது. டயானாவை ஹுவாம்போவில் அழைத்துப்போன, கண்ணிவெடி அகற்றும் அமைப்பான ஹாலோ டிரஸ்ட் இலங்கையின் வடக்கிலும் இயங்குகிறது. முகமாலையில் மண்ணை அங்குலம் அங்குலமாகச் சுரண்டி மிதிவெடி எடுப்பவர்களில் போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் தமிழ்ப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் படம் எந்த அட்டையிலும் வருவதில்லை.

அரசின் கதவைத் தட்டுவதே சரியான வழி என்று நான் சொல்லும்போது, அதற்கு எதிரான மிக வலுவான கேள்வி ஒன்று காத்திருக்கிறது. இவர்களை யார் தேர்ந்தெடுத்தது? ஆப்பிரிக்காவின் சார்பாகப் பேச டப்ளின்காரருக்கு என்ன உரிமை? 2005 ஜூலையில் ஸ்காட்லாந்தின் க்ளெனீகிள்ஸில் ஜி8 கூடியதை ஒட்டி நடந்த லைவ் 8 கச்சேரிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனது. ஆப்பிரிக்காவுக்காக லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த பெரிய மேடையில் ஆப்பிரிக்கக் கலைஞர் என்று சொல்ல செனகலின் யூசு என்டூரைத் தவிரப் பெயர் தேட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கர்களுக்கென்று பீட்டர் கேப்ரியல் தனியாக ஒரு கச்சேரியைக் கார்ன்வாலில் நடத்தினார். மாநாடு முடிந்ததும் கெல்டாஃப் தலைவர்களுக்கு மதிப்பெண் போட்டார்: உதவிக்குப் பத்துக்குப் பத்து, கடனுக்கு எட்டு. ஆண்டுக்கணக்கில் உழைத்த இயக்கத்தினர் தலையில் அடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் வாக்குறுதி இன்னும் வாக்குறுதியாகத்தான் இருந்தது. 2010க்குள் ஆப்பிரிக்காவுக்கு ஆண்டுதோறும் கூடுதலாக 2,500 கோடி டாலர் என்று சொன்னதில் கணிசமான துண்டு விழுந்தது. தலைவர்களோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டவர் அவர்களுக்குத் தேர்ச்சிச் சான்றிதழும் கொடுத்துவிட்டால் பிறகு யார் கணக்குக் கேட்பது? போனோவும் இதற்கு விலக்கல்ல. அயர்லாந்து அரசு கலைஞர்களுக்கான வரிச்சலுகைக்கு வரம்பு கட்டியதும் 2006இல் யூ2 தன் பாடல் உரிமை வணிகத்தின் ஒரு பகுதியை நெதர்லாந்துக்கு மாற்றியது. சட்டப்படி தவறில்லை. வரிப்பணத்திலிருந்து உதவி கொடுங்கள் என்று அரசுகளை இடித்துரைப்பவரின் வாய்க்கு மட்டும் அது பொருந்தவில்லை.

இந்த எதிர்ப்பை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகிறது. நட்சத்திரம் தூதராக இருக்கும்வரை சரி, நடுவராகும்போது கெடுகிறது. அதே 2005இல் 18 நாடுகளின் கடன்கள், சுமார் 4,000 கோடி டாலர், தள்ளுபடியாவதற்கு ஜி8 நிதியமைச்சர்கள் ஒப்புக்கொண்டதும் உண்மை. அதன் பலனை ஜாம்பியாவில் பார்க்கலாம்: 2006 ஏப்ரலில் அந்த நாடு கிராமப்புற அரசு மருத்துவ நிலையங்களில் நோயாளியிடம் வாங்கிவந்த கட்டணத்தை எடுத்துவிட்டது. இன்னொரு எதிர்ப்பு, பிரபலம் இல்லாவிட்டால் யார் இதையெல்லாம் கவனிப்பார்கள் என்பது. டான் பிராக்கிங்டன் என்ற ஆய்வாளர் பிரிட்டன் மக்களிடம் நடத்திய ஆய்வுகள் இந்த நம்பிக்கையையே அசைக்கின்றன. பெரிய தொண்டு நிறுவனங்களின் பெயர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த நட்சத்திரம் எந்த நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்பது பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. நட்சத்திரத்தின் மேல் விழுந்த கவனம் நட்சத்திரத்தோடேயே நின்றுவிடுகிறது. மக்கள் கவனிக்கிறார்கள் என்று அமைச்சர்களும் அதிகாரிகளும் நம்புவதால்தான் கதவு திறக்கிறது என்பது அவர் ஆய்வின் சுவையான கண்டுபிடிப்பு.

நம் நாட்டுப் போலியோ ஒழிப்பு இதற்கு நல்ல சாட்சி. அமிதாப் பச்சன் 2000களின் தொடக்கத்திலிருந்தே யுனிசெஃப் விளம்பரங்களில் சொட்டு மருந்து போடச் சொல்லிவந்தார். கெஞ்சிப் பார்த்து, கண்டித்தும் பேசினார். தாய்மார்கள் சிலர் அவர் கோபத்தைத் தணிக்கவே முகாமுக்கு வந்ததாகச் சொல்வார்கள். ஆனாலும் 2009இல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது, உலகத்திலேயே அதிகம். அடுத்த ஆண்டு 42, அதற்கடுத்த ஆண்டு ஒன்றே ஒன்று. 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்டறியப்பட்ட அந்தக் குழந்தையோடு முடிந்தது. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. நடுவில் மாறியது பச்சனின் குரல் இல்லை. 2010இல் இரண்டு வகை வைரஸுக்கும் ஒருசேர வேலைசெய்யும் புதிய சொட்டு மருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் தெருத்தெருவாகப் போன உள்ளூர்ப் பெண்கள், மருந்து போட்ட குழந்தையின் சுண்டுவிரலில் மை வைத்தார்கள். எல்லாக் குழந்தையும் முடிந்த வீட்டின் கதவில் சாக்பீஸால் ‘பி’ என்றும், விடுபட்ட வீட்டில் ‘எக்ஸ்’ என்றும் எழுதினார்கள். எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தியைப் பள்ளிவாசல் இமாம்களே பேசி அடக்கினார்கள். தேர்மேல் இருந்தவர் நன்றாகத்தான் காட்சி தந்தார்; வடம் பிடித்தவர்கள் இவர்கள்.

தாமே அமைப்பு நடத்தப் புறப்பட்ட நட்சத்திரங்களின் கதையை நீட்ட வேண்டியதில்லை. ஹைட்டியில் பிறந்த பாடகர் வைக்லிஃப் ஜீனின் யேலே ஹைட்டி அறக்கட்டளைக்கு 2010 நிலநடுக்கத்துக்குப் பின் சுமார் 1.6 கோடி டாலர் வந்து குவிந்தது. கணக்குவழக்குச் சிக்கல்களில் 2012இல் மூடப்பட்டது. மடோனா மலாவியில் கட்டுவதாகச் சொன்ன பெண்கள் பள்ளி, லட்சக்கணக்கான டாலர் செலவுக்குப் பிறகு 2011இல் கைவிடப்பட்டது. அதே மடோனா 2017இல் பிளான்டயரின் அரசு மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே குழந்தைகள் அறுவைசிகிச்சைப் பிரிவு ஒன்றைக் கட்டிக்கொடுத்தார், அது இயங்குகிறது. ஏற்கெனவே மருத்துவர்களும் நிர்வாகமும் இருந்த இடத்தில் போய்ச் சேர்ந்ததுதான் வித்தியாசம்.

இந்தக் குரல்களுக்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009 தொடக்கத்தில் எம்.ஐ.ஏ. என்ற பாடகி மாதங்கி அருள்பிரகாசம் புகழின் உச்சியில் இருந்தார். கிராமி விருதுக்குப் பரிந்துரை. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தில் ஏ.ஆர். ரகுமானோடு சேர்ந்த பாட்டுக்காக ஆஸ்கருக்கும் பரிந்துரை. யாழ்ப்பாணத்தில் வளர்ந்து போருக்குத் தப்பி லண்டன் வந்த அவர், அந்த வெளிச்சத்தை வன்னியில் சிக்கிய மக்கள்மேல் திருப்பப் பார்த்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் பற்றியே பேசினார். பதிலாகக் கிடைத்தது சந்தேகம்: புலிகளுக்காகப் பேசுகிறாரா என்ற கேள்வி. அடுத்த ஆண்டு நியூயார்க் டைம்ஸின் இதழ் அவருடைய வசதியான வாழ்க்கையையும் அரசியலையும் பக்கத்தில் வைத்துக் கிண்டல் தொனியில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டது. அந்தப் போரின் இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது 2011இல். துயரத்துக்கு வெளியே நிற்கும் நட்சத்திரம் பேசினால் அது மனிதநேயம், துயரத்துக்குள்ளிருந்து வந்த நட்சத்திரம் பேசினால் அது அரசியல் என்று எழுதப்படாத ஒரு விதி இருக்கிறது. கெல்டாஃபின் எத்தியோப்பியாவில் அரசியல் இல்லை என்று எல்லோரும் நடித்ததால் பாடல் வென்றது; எம்.ஐ.ஏ.வின் வன்னியில் அப்படி நடிக்க வழியில்லை. அவர் பின்னால் வாஷிங்டனில் கதவு கதவாகப் போக ஜூபிலி போன்ற ஓர் இயக்கமும் அப்போது இல்லை.

2025 ஜனவரியில் டிரம்ப் அரசு வெளிநாட்டு உதவிகளை ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தபோது, பெப்ஃபார் மருந்தை நம்பியிருந்த ஆப்பிரிக்க மருத்துவ நிலையங்கள் பலவற்றில் வேலை நின்றது. இருபது ஆண்டுக்கு முன் கதவைத் திறந்துவிட்ட பிரபலங்கள் வருத்தம் தெரிவித்தார்கள், பேட்டி கொடுத்தார்கள். எய்ட்ஸ் தடுப்பூசிக்காகப் பல காலம் வாதாடிவந்த ஏவாக் உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றத்துக்குப் போயின. மார்ச் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே முடித்த வேலைக்கான பாக்கித்தொகையைக் கொடுக்கச் சொன்ன உத்தரவுக்குத் தடை விதிக்க மறுத்தது. நீதிபதிகள் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம்.